எடை குறைந்த வண்டி

மலை ஏற முடியாத வண்டிக்கு என்ன வைத்தியம் என்று சூப்ரண்டிடம் மட்டும் யாரும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தவர் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான். டர்போவில் ஆரம்பிப்பார், டீசல் பம்புக்கு வருவார், ஏர் பில்டருக்குள் நுழைந்து சைலன்சர் வழியாக வெளியே வருவதற்குள் கேட்டவருக்குத் தாடி முளைத்துவிடும். இத்தனைக்கும் அவர் மெக்கானிக் இல்லை. ஒரு பெரிய அலுவலகத்தில் சூப்ரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் போக மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. வெளியிலும் சூப்ரண்டு, வீட்டிலும் சூப்ரண்டு. வேலை வாங்குவதற்கு மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவர் பெண்டாட்டி.

அவளுக்குத் தையல் தொழில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தே காலத்தை ஓட்டியவள். முன்னறையில் மிஷின், பின்னறையில் குடித்தனம். அந்த வீட்டை விற்றுத்தான் வண்டி வந்தது. விற்கலாமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், கேட்டார். பத்திரத்தை நீட்டி, “எங்க கையெழுத்துப் போடணும்னு தெரியுதா?” என்று கேட்டார்.

வண்டி என்றால் வீட்டு வண்டி. முன்பக்கம் ஓர் அரதப் பழசான டீசல் வேன், பின்பக்கம் வீடு. டிரைவர் சீட்டுக்கு மேலே படுக்கை, பக்கத்தில் இரண்டு அடுப்பு, மடக்கி வைக்கிற மேஜை, பீரோ அளவில் ஒரு கக்கூஸ். கக்கூஸுக்குக் கீழே, வண்டியின் அடிவயிற்றில், போனதெல்லாம் போய்ச் சேர்கிற பெரிய தொட்டி ஒன்று. இந்த மாதிரி வண்டிகளை நிறுத்துகிற மைதானங்களில் அதைக் காலி செய்வதற்கென்றே ஒரு மூலையில் குழி வைத்திருப்பார்கள். வண்டிக்காரர்கள் எல்லோரும் வாரத்துக்கு ஒரு தடவை அங்கே போய், குழாயை மாட்டி, கைப்பிடியை இழுத்து, ஊற்றிக் கழுவிவிட்டு வருவார்கள். டாக்டரும் வருவார், வக்கீலும் வருவார். அதனால் யார் தலையிலிருந்தும் கிரீடம் இறங்கிவிடவில்லை.

சமதளத்தில் அந்த வண்டியைக் குறை சொல்ல முடியாது. மேட்டைக் கண்டால்தான் அதற்கு உயிர் போகும். கொஞ்சம் செங்குத்தான பாலம் வந்தாலே நான்காவது கியரிலிருந்து மூன்றாவது, மூன்றாவதிலிருந்து இரண்டாவது. பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தாண்டிப் போகும்போது தலையை வெளியே நீட்டித் திட்டிவிட்டுப் போவான். சூப்ரண்டுக்கு அது தாங்காது. நாற்பது பேரை ஒரே பார்வையில் எழுந்து நிற்க வைத்தவராம். எவனோ ஒரு காய்கறி வண்டிக்காரன் தன்னை முந்திப் போவதா?

மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“டர்போவிலேருந்து இஞ்சினுக்குப் போற ரப்பர் குழாய் கிழிஞ்சிருந்துச்சு சார். காத்து பாதி வழியிலேயே போயிருது. ஏர் பில்டரும் அடைச்சுக் கெடந்துச்சு. ரெண்டையும் மாத்திட்டேன். இந்த வயசு இஞ்சினுக்கு இழுவை இவ்வளவுதான். இன்னும் வேணும்னா எடையக் குறைங்க. பின்பக்கம் எப்படி உக்காந்து போயிருக்கு பாருங்க.”

“என் வண்டியில என்னய்யா எடை? புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு.”

“உள்ள என்ன இருக்குன்னு எனக்கென்ன சார் தெரியும்? உங்களுக்குத்தானே தெரியும்?”

சூப்ரண்டுக்கு அது பிடிக்கவில்லை. இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டி, வேறு கடைக்குப் போனார். அங்கே தொடை தண்டிக்கு ஒரு சைலன்சர் குழாய் போட்டார்கள். சிவப்பு விளக்கு மினுக்குகிற ஒரு சின்னப் பெட்டியை இஞ்சினில் சொருகினார்கள். அது டீசலைக் கூடுதலாக ஊற்றி இழுவையைக் கூட்டுமாம். கூட்டியது கரும்புகையை. பாலத்தில் ஏறினால் பின்னால் வருகிறவன் கண்ணுக்கே தெரியவில்லை, ஆகவே யாரும் திட்டுவதும் தெரியவில்லை. சூப்ரண்டு அதையே முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் மெக்கானிக் சொன்ன எடை அவர் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் காலையில் எடை பார்க்கிற கருவி ஒன்றை வாங்கிவந்து வண்டிக்குள் வைத்தார். அவளுடைய பாத்திரங்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றி இறக்கினார். வார்ப்பிரும்பு வாணலி கனம், வெளியே. போர்வைகள் கனம், வெளியே. கடைசியில் தையல் மிஷின்மேல் கை வைத்தார்.

“இது வேணாங்க,” என்றாள். “எங்க போனாலும் நாலு துணி தைப்பேன். அதில்லாம நான் என்ன செய்வேன்?”

“முழுக்க இரும்பு. வண்டியக் கீழ இழுக்கறதே இதுதான். கை இருக்குல்ல? ஊசி நூல் வச்சுத் தையேன்.”

மைதானத்துக் காவல்காரன் வந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போனான். அலுவலகத்திலிருந்து பிரிவு உபசாரத்தில் கொடுத்த தேக்கு நாற்காலி மட்டும் இறங்கவில்லை. அதை எடை போட்டுப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவளும் இருந்துவிட்டாள்.

வண்டிக்குள் ஒரு நாற்றம் இருந்தது. முதலில் லேசாக, பிறகு சோற்றில் கை வைக்க விடாத அளவுக்கு. அவள் தரையைத் துடைத்தாள், அலமாரியைக் காலி செய்து கழுவினாள், மெத்தையை வெயிலில் போட்டாள். நாற்றம் நகரவில்லை. கக்கூஸ் கதவுக்கு மேலே தொட்டி நிறைந்துவிட்டதாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அது என்ன என்று கேட்டால், “சென்சார் கெட்டுப்போச்சு. பழைய வண்டின்னா அப்படித்தான்” என்பார். தவறாமல் வாராவாரம் வண்டியை அந்தக் குழிப்பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் வந்தார். “ஊத்திட்டு வந்துட்டேன்” என்றுதான் சொன்னார். பிறகு ஏதோ நீல மருந்தைக் கொண்டுவந்து கக்கூஸில் கொட்டுவார், எலுமிச்சை வாசனை அட்டை ஒன்றைத் தொங்கவிடுவார். நாற்றமும் எலுமிச்சையும் கலந்து அடிக்கிற அடியில் அவளுக்கு அன்றைக்கெல்லாம் தலைவலி. முடிந்தவரை மைதானத்துக் கழிப்பறைக்கே போய்வந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் தங்கச்சியின் போன் வந்தது.

தங்கச்சி மலைமேல் ஊரில் இருக்கிறாள். பஸ் நிலையத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே போகும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. குரல்தான் அவள் சோறு, குரல்தான் அவள் சொத்து. குடும்பத்தில் சூப்ரண்டை நேருக்கு நேர் கலாய்க்கத் தைரியம் உள்ள ஒரே பிறவி. அவர் வாயைத் திறந்தாலே போதும், “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அத்தானின் ஜம்பம் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்” என்று அறிவிப்பு மாதிரியே ஆரம்பித்துவிடுவாள். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

“அக்கா, தொண்டையில கட்டின்னு சொன்னேன்ல. கெட்ட கட்டிதான். நாளைக் காலையில ஆபரேஷன். குரல் பெட்டிய அப்படியே எடுத்துருவாங்களாம்.”

“அய்யோ, என்னடி சொல்றே?”

“உயிருக்கு ஒண்ணும் இல்லையாம். பேச்சுதான் போகும். இன்னைக்கு மட்டும்தான் நான் பேசுவேன், அக்கா. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். போன்ல வேணாம், உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். சாயங்காலம் அஞ்சு வரைக்கும்தான் ஆளுங்கள உள்ள விடுவாங்க. பஸ்ல வந்துரு. பஸ் ஏறிரும். அத்தான் வண்டிய நம்பாதே.”

அவளும் பஸ்ஸில் போகத்தான் பையை எடுத்தாள். சூப்ரண்டு விட்டால்தானே?

“நம்ம வண்டி இருக்கறப்ப, நீ பஸ்ல போய் இடிபடுவியா? ஊர்ல நாலு பேரு என்னைப் பத்தி என்ன நெனைப்பான்? இப்பத்தான் எல்லாம் மாத்தியிருக்கேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு மலைமேல இருப்போம், பாரு.”

இல்லை, நான் பஸ்ஸில்தான் போவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அரை மணி நேரம் கத்துவார், அந்த அரை மணி நேரமும் வீண் என்று கணக்குப் போட்டாள். அந்தப் புத்தியை என்ன சொல்ல?

அடிவாரத்திலேயே வண்டி முக்க ஆரம்பித்தது. மூன்றாவது கியர், இரண்டாவது கியர், பிறகு முதல் கியர். புது சைலன்சர் ஊரைக் கூட்டுகிற மாதிரி உறுமியது, வண்டி மட்டும் நகர்வேனா என்றது. வெப்பம் காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டதும், ஒரு திருப்பத்தில் ஒதுக்கி நிறுத்தினார். அங்கே ஒரு பெட்டிக்கடை, அதை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி, தொட்டியில் குழாய். இரண்டு பெண்கள் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டுப் போனவளுக்குக் கடைக்காரம்மா ஒரு செம்பு நிறையக் குடிக்கவும் கொடுத்தாள். பல் கூசுகிற மாதிரி ஜில்லென்றிருந்தது.

“என்ன ருசிங்க இது! எங்கேருந்து வருது?”

“மேல பாறையில ஊறி, ரோட்டோர வாய்க்கால்ல ஓடிவந்து நேரா இந்தத் தொட்டியில விழுது. இங்க இருக்கற அத்தனை வீட்டுக்கும் இதான். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்கம்மா.”

இஞ்சின் ஆறியதும் கிளம்பினார்கள். அடுத்த திருப்பத்தோடு சரி. அதற்கு மேல் வண்டி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. பின்னால் ஒரு பஸ், ஒரு லாரி, அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை வண்டிகள். பஸ் டிரைவர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். “பெரியவரே, ஏறாத வண்டிய எதுக்கு மலைக்குக் கொண்டாந்தீங்க? ஓரமா விடுங்க!” என்றார். பெரியவரே என்றதில் சூப்ரண்டின் முகம் கன்றிப்போனது. எப்படியோ பின்னுக்கு உருட்டி, மலைப்பக்க ஓரத்தில் நிறுத்தினார். பஸ் அவர்களைத் தாண்டி ஒரு மூச்சில் ஏறிப் போனது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

“நீ உள்ளயே இரு,” என்று இறங்கினார். “ரேடியேட்டரப் பாத்துட்டு வர்றேன்.”

ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது, இவர் ஏன் பின்பக்கம் போகிறார் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் காலுக்கடியில் சத்தம் கேட்டது. குடத்தைக் கவிழ்த்தால் வருமே, அந்தக் குளுக் குளுக். தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. பிறகு நாற்றம் வந்தது. இத்தனை நாள் எலுமிச்சைக்குப் பின்னால் பதுங்கியிருந்த நாற்றம், மொத்தமாக, முகத்தில் அறைகிற மாதிரி. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தாள். சூப்ரண்டு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி, யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். வண்டிக்கு அடியிலிருந்து நீலமும் பழுப்புமாக, கட்டியும் தண்ணியுமாக, வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது.

“என்னங்க இது? வாராவாரம் ஊத்திட்டு வர்றேன்னுதானே போனீங்க?”

“கத்தாதே. போனேன். போய்ப் பாத்தா அங்க அத்தனை பேரும் வரிசையில நிக்கறான். அவனுக முன்னால நான் நின்னு பீ ஊத்தணுமா? நான் யாரு? வண்டிய நிறுத்தி, கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்துருவேன்.”

“ஒரு தடவகூடவா ஊத்தல?”

“வண்டி வாங்குனதுலேருந்து தொடல. மருந்து போட்டா கரைஞ்சிரும்னு எழுதியிருந்தான்.”

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மாதக்கணக்கில் அதன்மேல் சமைத்திருக்கிறாள், அதன்மேல் படுத்திருக்கிறாள். தரையைத் தேய்த்துத் தேய்த்துத் தன் கைதான் சுத்தமில்லையோ என்று தன்னையே முகர்ந்து பார்த்திருக்கிறாள். இந்த மனுஷன் அத்தனையையும் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார்.

“என் மிஷின எறக்குனீங்களே,” என்றாள். “எடை, எடைன்னு என் மிஷின எறக்கிட்டு, இதையா சுமந்துக்கிட்டு வந்தீங்க? த்தூ!”

“இப்ப எறக்கியாச்சுல்ல? வண்டி ஏறணுமா வேணாமா? உன் தங்கச்சியப் பாக்கணுமா வேணாமா? அஞ்சு மணிக்கு மேல உள்ள விட மாட்டான். பேசாம ஏறு.”

தங்கச்சி என்றதும் அவள் ஏறிவிட்டாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு, வாய்க்கால் பக்கம் பார்க்காமல், ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

வண்டி ஏறியது. பாரம் போனதாலோ, நின்ற நேரத்தில் இஞ்சின் நன்றாக ஆறியதாலோ, இரண்டாவது கியரில் திணறாமல் ஏறியது. சூப்ரண்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டினார். “பாத்தியா, பாத்தியா! சைலன்சரு வேலை செய்யுது! அந்தப் பெட்டி இருக்கே, அதோட மகிமை இது! மெக்கானிக் பய என்ன சொன்னான்? இவ்வளவுதான் இழுவையாம்!” ஒரு நிமிஷத்துக்கு முன்னால் குந்தியிருந்தது வேறு யாரோ என்கிற மாதிரி பேசினார். கைப்பிடியை இழுத்த கையைத் துடைக்கக்கூட இல்லை, அந்தக் கையாலேயே மீசையைத் தடவிக்கொண்டார்.

மேலே அடுத்த கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியபோது, அவள் பக்கத்து ஜன்னலில் கீழ்ரோடு முழுவதும் தெரிந்தது. பெட்டிக்கடை தீப்பெட்டி அளவில் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டுவிட்டது போலிருக்கிறது. நீலச் சீருடையில் பிள்ளைகள் குழாயடியில் வரிசையாக நின்றார்கள். ஒரு பெண் கேனை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். வாய்க்கால் மலையோடு ஒட்டி அவர்களை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க.”

“இந்த ஏத்தத்துல நிறுத்துனா மறுபடி எடுக்க முடியுமா? உனக்கு ஏதாவது அறிவு இருக்கா?”

“அது அவங்க குடிக்கற தண்ணிங்க. நானே குடிச்சேன். நிறுத்துங்க.”

“மலைத் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், எல்லாம் அடிச்சிட்டுப் போயிரும். தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கா, அத நெனை.”

அவள் அதைத்தான் நினைத்தாள். காலையிலிருந்து வேறு எதையும் நினைக்கவில்லை. அஞ்சு மணிக்குள் போனால் தங்கச்சியின் குரலைக் கேட்கலாம். இறங்கினால் இனி எந்த ஜென்மத்திலும் கேட்க முடியாது. அந்தப் பிள்ளைகள் யாரோ, எவர் வீட்டுப் பிள்ளைகளோ. ஆனால் குழாயில் வாயை வைக்கப்போகிறார்களே! அடுத்த வளைவில் சூப்ரண்டு முதல் கியருக்கு வந்தார். என்னதான் இழுவை கூடினாலும் அந்த வளைவில் அது ஆள் நடக்கிற வேகம்தான். அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். பை, போன் எல்லாம் சீட்டிலேயே கிடந்தன. அவர் ஏதோ கத்தினார். வண்டி நிற்கவில்லை.

ரோட்டைப் பிடித்தால் தூரம். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை செங்குத்தாக இறங்கியது. அதில் பாதி ஓடியும் பாதி சறுக்கியும் வந்து விழுந்தாள். செருப்பு ஒன்று எங்கேயோ போனது. “குடிக்காதீங்க! தண்ணியத் தொடாதீங்க!” என்று அவள் கத்திக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் சிரித்தன. யாரோ பைத்தியம் என்று நினைத்திருக்கும். குழாய்க்குக் கீழே கையைக் குவித்திருந்த ஒருத்தியின் கையைத் தட்டிவிட்டாள்.

“என்னம்மா, உனக்கென்ன ஆச்சு?” என்று கடைக்காரம்மா கடையிலிருந்து இறங்கி வந்தாள்.

“எங்க வண்டிதான். கக்கூஸ் தொட்டிய மேல வாய்க்கால்ல தொறந்து விட்டுட்டாரு எங்க வீட்டுக்காரரு. வந்துக்கிட்டு இருக்கு.”

கடைக்காரம்மா நம்பாமல் அவளைப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். வாய்க்காலில் நீல நுரை மிதந்து வந்துகொண்டிருந்தது.

அப்புறம் அங்கே நடந்ததை முழுதாகச் சொல்ல நாக்கு கூசும். ஒருவன் மண்வெட்டியோடு மேலே ஓடி வாய்க்காலை வெட்டித் திருப்பினான். பெண்கள் பிடித்து வைத்த கேனையெல்லாம் ரோட்டில் கவிழ்த்தார்கள். கவிழ்க்கும்போதே திட்டினார்கள். அவள் வம்சத்தைத் திட்டினார்கள், வண்டியைத் திட்டினார்கள், அவளைப் பெற்றவளைத் திட்டினார்கள். ஒரு கேனைத் தூக்கி உதவப் போனாள். “தொடாதே!” என்று ஒருத்தி பிடுங்கிக்கொண்டாள். “நாத்தம் பிடிச்சவளே, எங்க பாத்திரத்துல கை வைக்காதே. உங்க பீயை நீயே போய் அள்ளு.”

அவள் அள்ளினாள். மண்வெட்டிக்காரன் ஒரு கொத்துக் கரண்டியையும் வாளியையும் அவள் காலடியில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றான். சேலையைச் சொருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, பாறை இடுக்குகளில் தங்கியதையெல்லாம் வழித்து வழித்து வாளியில் போட்டாள். முழங்கை வரை அதுதான். யார் மேலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் அடித்தே இருப்பேன் என்று நினைத்தாள். பெட்டிக்கடை ரேடியோ ஐந்து மணி என்று சொன்னபோது குனிந்திருந்தவள் ஒரு கணம் நிமிர்ந்தாள். பிறகு மறுபடி குனிந்தாள். அந்த வளைவில் போனும் எடுக்காது, கடைசி பஸ்ஸும் போய்விட்டது என்று கடைக்காரம்மா எங்கோ பார்த்தபடி சொன்னாள். இருட்டுகிற நேரத்தில் கடைக்காரம்மாவே பழைய தண்ணீர் இருந்த டிரம்மைத் திறந்து, மேலே படாமல் எட்ட நின்று அவள் கையில் ஊற்றினாள். சோப்புக் கட்டி ஒன்றை மண்ணில் போட்டாள். “நீயாவது வந்து சொன்னியே,” என்றாள். அதற்கு மேல் அன்பாக ஒன்றும் சொல்லவில்லை, படுக்கக் கடை வாசலில் ஒரு சாக்கு மட்டும் போட்டுக்கொடுத்தாள்.

காலையில் முதல் பஸ்ஸில் ஏறினாள். எந்தத் தகராறும் இல்லாமல் பஸ் மலை ஏறியது.

ஆஸ்பத்திரி வாசலில் வீட்டு வண்டி குறுக்காக நின்றது. உள்ளே, ஆபரேஷன் அறை வராந்தாவில், சவரம் செய்து, சட்டை மாற்றி, சூப்ரண்டு உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் தொடங்கி நேரமாகிவிட்டது என்று வாசலிலேயே நர்ஸ் சொல்லிவிட்டாள். ஊசி போடுகிற வரைக்கும் அக்கா வந்துட்டாளா, அக்கா வந்துட்டாளா என்று தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்ததாகவும் சொன்னாள். அவள் ஒற்றைச் செருப்போடு வராந்தாவில் நடந்து போய் அவர் எதிரில் நின்றாள்.

“வந்துட்டியா?” என்றார். “பைத்தியக்காரி மாதிரி இறங்கி ஓடினே. நான் நாலரைக்கெல்லாம் இங்க வந்துட்டேன், தெரியுமா? அந்த வளைவுக்கு அப்புறம் வண்டி எங்கயுமே நிக்கல. கடைசி ஏத்தம் மூணாவது கியர்ல! மூணாவது கியர்ல ஏறுச்சுன்னு சொன்னா எவனாவது நம்புவானா?”

“அவளப் பாத்தீங்களா?”

“பாக்காம? அஞ்சு மணி வரைக்கும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.”

“பேசினாளா?”

“பேசினா, பேசினா. குரல் கரகரன்னு இருந்துச்சு, ஆனாலும் பேசிக்கிட்டேதான் இருந்தா.”

“என்ன சொன்னா?”

“உன்னைப் பத்தித்தான். இத அக்காகிட்ட மறக்காமச் சொல்லுங்க அத்தான்னு ரெண்டு மூணு தடவ சொன்னா. கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா, பாவம்.”

“என்ன? எதச் சொல்லச் சொன்னா?”

சூப்ரண்டு கூரையைப் பார்த்தார், முகவாயைத் தடவினார்.

“இரு, வருது. நான் அப்பத்தான் அந்த சைலன்சர் விஷயத்த ஆரம்பிச்சிருந்தேன். டர்போ காத்த எப்படி உள்ள தள்ளுது, குழாய் பெருசா இருந்தா புகை எப்படி லேசா வெளியேறுது, அப்படின்னு அவளுக்குப் புரியற மாதிரி... நல்லா கேட்டுக்கிட்டு இருந்தா. நடுநடுவுல ஏதோ சொன்னா. ஏதோ சின்ன வயசு சமாச்சாரம்... நீ எதையோ விட்டுக் குடுத்தியாம்... இல்ல, அவ விட்டுக் குடுத்தாளா? ஞாபகம் வந்தா சொல்றேன், விடு.”

நேற்றுச் சாயங்காலம் முழங்கை வரை வாய்க்காலில் விட்டு வழித்தபோது அவளுக்கு ஒருமுறைகூடக் குமட்டவில்லை. இப்போது அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாக் கோடியில் இருந்த வாஷ்பேசினுக்கு ஓடினாள். நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வெறும் மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

பின்னால் சூப்ரண்டு நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸுல வந்தா ஒத்துக்காதுன்னு தலதலையா அடிச்சுக்கிட்டேன். நம்ம வண்டியில வந்திருந்தா இந்த அவஸ்தை உண்டா?”